உலர்த்தலும் பாடம் செய்தலும்: கஞ்சா அறுவடைச் சொற்களும் மொழிபெயர்ப்பும்

0. முன்னுரை

2018 அக்டோபர் 17ஆம் நாள் முதல் கனடாவின் கூட்டாட்சிச் சட்டம், வயது வந்தோர் தம் குடியிருப்பில் நான்கு கஞ்சாச் செடிகள் வரை வளர்த்துக்கொள்ள இடமளிக்கின்றது. மாகாணங்கள் இதனைக் கட்டுப்படுத்தலாம். கியூபெக் மாகாணம் வீட்டுச் சாகுபடிக்கு விதித்த தடை செல்லத்தக்கதே என 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜெர்மனி 2024 ஏப்ரல் 1 முதல் ஒருவருக்கு மூன்று செடிகள் என இசைந்தது. இந்தியாவிலோ 1985ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின்கீழ், உரிய அனுமதியின்றிக் கஞ்சாச் செடி வளர்ப்பது குற்றமாகும்.

சட்டநிலை இவ்வாறு வேறுபட்டாலும் மொழிபெயர்ப்பாளர் இரு சூழல்களிலும் ஒரே சிக்கலை எதிர்கொள்கின்றார். கனடாவில் தமிழர் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். அங்கு நலவாழ்வுக் குறிப்புகளும் சட்ட விளக்கங்களும் தமிழில் தேவைப்படுகின்றன. தமிழ்நாட்டில் கைப்பற்றுதல் மகசரும் சாட்சியர் வாக்குமூலமும் தமிழில் எழுதப்பெற்றுப் பின் ஆங்கிலத்தில் பெயர்க்கப்படுகின்றன. இவ்விரு வகைப் பனுவல்களிலும் அறுவடைக்குப் பின் அச்செடிக்கு நேர்வன குறித்த சொற்கள் இடம்பெறுகின்றன. அச்சொற்கள் பிறழுமாயின் ஓரிடத்தில் பூஞ்சை பிடித்த பொருள் உடலுக்குள் செல்லும். மற்றோரிடத்தில் சிறைத்தண்டனையின் கால அளவு மாறும்.

ஆங்கிலத்தில் இச்செயல்முறையின் இரு படிகள் 'டிரை', 'கியூர்' என்னும் இரு வினைகளால் குறிக்கப்படுகின்றன. இவற்றுள் இரண்டாவதே தமிழாக்கத்தில் இடர் தருவது. பின்வரும் மூன்று பெயர்ப்புகளை நோக்குக.

(1) உலர்த்திய பின் பூக்களை இரண்டு வாரம் குணப்படுத்தவும்.
(2) உலர்த்திய பின் பூக்களை இரண்டு வாரம் பதப்படுத்தவும்.
(3) உலர்த்திய பின் பூக்களை இரண்டு வாரம் பாடம் செய்யவும்.

(1) அகராதியின் முதற்பொருளைக் கொண்டமையால் நேர்ந்த பிழை. படித்த அளவில் புலப்பட்டுவிடும். (2) பிழையெனத் தோன்றாத பிழை. (3) பொருத்தமானது, எனினும் விளக்கம் வேண்டுவது. இம்மூன்றன் வேறுபாட்டை உணர, முதலில் செயல்முறையை அறிதல் வேண்டும்.

1. உலர்த்தல்

1.1. புதிதாகக் கொய்த கஞ்சாப் பூவின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு முதல் ஐந்தில் நான்கு பங்கு வரை நீரே. உலர்த்தலின் நோக்கம் இதனைப் பத்து முதல் பன்னிரண்டு விழுக்காடு அளவிற்குக் குறைப்பதாகும். 1000 கிராம் பச்சைப் பூவில் 800 கிராம் நீர் எனக் கொண்டால், எஞ்சும் திடப்பொருள் 200 கிராம். பன்னிரண்டு விழுக்காட்டு ஈரத்துடன் அது ஏறத்தாழ 227 கிராம் எடை நிற்கும். அதாவது பச்சை எடையில் கால் பங்கிற்கும் குறைவு. இக்கணக்கு பின்னர் நான்காம் பகுதியில் மீண்டும் வேண்டப்படும்.

1.2. கனடாவில் திறந்தவெளியில் வளர்ந்த செடிகள் பெரும்பாலும் செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் அறுவடையாகின்றன. கிளைகளைத் தலைகீழாகக் கொடியில் தொங்கவிடுதலும், பூக்களை உதிர்த்து வலைத்தட்டில் பரப்புதலும் வழக்கிலுள்ள இரு முறைகள். இருண்ட அறை, 15 முதல் 21 பாகை செல்சியஸ் வெப்பம், 50 முதல் 60 விழுக்காட்டு ஒப்பு ஈரப்பதம், மென்மையான காற்றோட்டம் ஆகியன பொதுவாக வேண்டப்படுகின்றன. ஏழு முதல் பதினான்கு நாட்கள் ஆகும்.

இருளுக்கும் தணிந்த வெப்பத்திற்கும் காரணம் உண்டு. பூவின் மணத்திற்குக் காரணமான தெர்பீன்களுள் மிர்சீன் போன்ற இலேசானவை வெப்பத்தில் எளிதில் ஆவியாகிவிடும். மயக்கந்தரும் டி.எச்.சி. என்னும் சேர்மம் ஒளியாலும் காற்றாலும் சிதைந்து சி.பி.என். என்னும் வேறொரு சேர்மமாக மாறும். ஆகவே வெயிலில் காயவைத்தல் இங்கு ஏற்றதன்று. தமிழில் 'காயவை' என்னும் வினை வெயிலையோ அனலையோ இயல்பாக உட்கொண்டிருப்பதால், இவ்விடத்தில் 'நிழலில் உலர்த்து' என்பதே நேர்மையான பெயர்ப்பாகும். மூலிகை நூல்களிலும் நாட்டு வழக்கிலும் 'நிழலில் உலர்த்தி' என்னும் தொடர் நன்கு பயின்றுள்ளமை இதற்குத் துணை நிற்கின்றது.

1.3. விரைந்து உலர்த்துவதும் தீங்கே. வெளிப்புறம் மொறுமொறுப்பாகி உட்புறத்தும் காம்பின் நடுவிலும் ஈரம் அடைபட்டு நிற்கும். மிக மெதுவாக உலர்த்தினாலோ, நெருக்கமான பூக்கொத்தின் நடுவே பொட்ரைட்டிஸ் எனப்படும் சாம்பல் பூஞ்சை படரும். உலர்ந்தமையை அறியக் கைக்கொள்ளும் சோதனை எளிது: சிறு காம்பை வளைத்தால் அது வளையாமல் ஒடிய வேண்டும். இதனைத் தமிழ் 'பதம் பார்த்தல்' என்னும். பாகிற்குக் கம்பிப்பதம் போல உலர்த்தலுக்கு ஒடிபதம் எனலாம்.

2. பாடம் செய்தல்

2.1. ஒடிபதம் அடைந்த பூவும் முழுதும் சீராக உலர்ந்ததன்று. புறத்தே வறட்சியும் அகத்தே ஈரமுமாக அது இருக்கும். அதனைக் காற்றுப்புகாக் கண்ணாடி ஜாடியில் முக்கால் அளவிற்கு இட்டு மூடினால் உள்ளீரம் புறத்தே பரவிச் சமன்படும். ஒரு நாள் கழித்துத் தொட்டால் முன்னர் மொறுமொறுத்த பூ மீண்டும் சற்றே நெகிழ்ந்திருக்கும். பழகாதவர் இதனைக் கெட்டுப்போனதாகக் கருதுவர்; ஆனால் இஃது எதிர்பார்க்கத் தக்கதே.

ஜாடியினுள் ஒப்பு ஈரப்பதம் 58 முதல் 62 விழுக்காடு வரை நிலைபெறுதல் வேண்டும். முதல் ஓரிரு வாரங்கள் நாள்தோறும் ஜாடியைச் சில நிமிடங்கள் திறந்துவைத்து ஈரக்காற்றை வெளியேற்றிப் புதுக்காற்றை நுழைய விடுவர். சிறிய ஈரப்பதமானியை உள்ளே வைத்தால் கணிப்பு எளிதாகும். 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூக்களை வெளியே எடுத்து மீண்டும் உலர்த்த வேண்டும். திறக்கும்போது அம்மோனியா நெடி எழுமாயின், ஈரம் மிகுந்து உயிர்வளி குன்றிப் பாக்டீரியா பெருகத் தொடங்கியதற்கு அஃது அறிகுறி. இரண்டு முதல் நான்கு வாரங்களில் பச்சைப்புல் நெடி தணிந்து, புகையின் காரம் குறைகிறது என்பது வளர்ப்போர் பட்டறிவு.

2.2. ஆய்வுக்கூட வழக்கில் இங்கு அளக்கப்படுவது 'நீர்ச்செயல்பாடு'. ஒரு பொருளில் உள்ள மொத்த நீரன்று, நுண்ணுயிர்கள் பயன்படுத்திக்கொள்ளத்தக்க நிலையில் உள்ள நீரே இதனால் குறிக்கப்படும். உலர்ந்த கஞ்சாப் பூவிற்கு 0.55 முதல் 0.65 வரை ஏற்ற எல்லையாகக் கொள்ளப்படுகின்றது. அதற்கு மேற்பட்டால் அஸ்பெர்ஜில்லஸ் முதலிய பூஞ்சைகள் வளர வாய்ப்புண்டு. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களின் நுரையீரலுக்கு இப்பூஞ்சை கடுந்தீங்கு விளைக்கும். மருத்துவத் தேவைக்காகக் கஞ்சா பெறுவோருள் இத்தகையோரும் இருத்தலால், பாடம் பற்றிய குறிப்புச் சுவை பற்றியது மட்டுமன்று.

2.3. இப்படியால் மயக்கும் ஆற்றல் கூடுகிறது என்னும் கருத்து பரவலாக உள்ளது. பச்சைச் செடியில் டி.எச்.சி. பெரும்பாலும் அமில வடிவிலேயே இருக்கின்றது. எரித்தல், சமைத்தல் போன்ற வெப்பச் செயலாலேயே அது மயக்கந்தரும் வடிவிற்கு விரைந்து மாறும். ஜாடியில் வைத்தலால் இம்மாற்றம் கணிசமாக நிகழ்வதில்லை. ஆகவே 'கியூர்' என்பதனை 'வீரியமேற்றுதல்' என விரித்துரைத்தல் பொருந்தாது.

3. தமிழ்ச் சொற்களம்

3.1. ஈரம் நீக்கும் வினைகளில் தமிழ் வளமுடையது. அவற்றுட் பல தன்வினை, பிறவினை இணைகளாக அமைகின்றன.

(4) உலர் – உலர்த்து
(5) வாடு – வாட்டு
(6) ஆறு – ஆற்று
(7) புழுங்கு – புழுக்கு
(8) காய் – காய்ச்சு, காயவை

(8) தனித்து நோக்கத்தக்கது. 'காய்ச்சு' என்னும் பிறவினை பால், இரும்பு, சாராயம் ஆகியவற்றோடு சேர்ந்து சூடாக்குதல், வடித்தல் என்னும் பொருளில் நிலைத்துவிட்டது. அதனால் ஏற்பட்ட வெற்றிடத்தைக் 'காயவை', 'காயப்போடு' என்னும் கூட்டுவினைகள் நிரப்புகின்றன. ஆங்கில 'டிரை' தன்வினையாகவும் பிறவினையாகவும் ஒரே வடிவில் வருவது. எனவே 'பூ ஒரு வாரத்தில் உலரும்' என்பதா, 'பூவை ஒரு வாரம் உலர்த்துக' என்பதா என மொழிபெயர்ப்பாளர் ஒவ்வோரிடத்தும் தெரிந்துகொள்ளல் வேண்டும். குற்ற வழக்குகளில் இத்தெரிவு இன்னும் கூர்மையானது. 'உலர்ந்த பூ' என்பது நிலையை மட்டும் கூறும். 'உலர்த்திய பூ' என்பது உலர்த்தியவர் ஒருவரைச் சுட்டும். மூலத்தில் இல்லாத வினைமுதலைப் பெயர்ப்பில் புகுத்துதல், குற்றஞ்சாட்டப்பட்டவர் மீது ஒரு செயலை ஏற்றுவதாகிவிடும்.

3.2. பெயர்ச்சொற்களிலும் இவ்வளம் காணலாகின்றது. இஞ்சி உலர்ந்தால் சுக்கு. மீன் உலர்ந்தால் கருவாடு. தேங்காய்ப் பருப்பு உலர்ந்தால் கொப்பரை. யாழ்ப்பாண வழக்கு மேலும் நுட்பமானது. பனங்கிழங்கைப் பச்சையாகப் பிளந்து உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். பொருள் ஒன்றே, செயல்முறை மாறப் பெயரும் மாறுகின்றது. அளவையும் விலையையும் பேசுமிடத்து இவ்வேறுபாடு குழப்பம் தவிர்க்கின்றது. ஒரு கிலோ இஞ்சி கேட்டவருக்கு ஒரு கிலோ சுக்கு தரப்படுவதில்லை.

3.3. 'கியூர்' என்னும் ஆங்கில வினை 'பேணல்' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நோயாளி, பன்றி இறைச்சி, புகையிலை, வனிலாக் காய், கான்கிரீட் ஆகிய அனைத்திற்கும் அது பொருந்துகின்றது. தமிழில் இவை ஒவ்வொன்றிற்கும் ஒவ்வொரு வினை: நோயாளியைக் குணப்படுத்தல், இறைச்சியை உப்புக்கண்டம் போடல், தோலைப் பதனிடல், புகையிலையைப் பாடம் செய்தல். கட்டட வேலையில் 'கியூரிங்' என்றால் கொத்தனார் புரிந்துகொள்வது, பூசிய சுவருக்கும் போட்ட தளத்திற்கும் நாள்தோறும் தண்ணீர் விடுதலை. ஈரத்தை வெளியேற்றுதலன்று, அது போய்விடாமல் காத்தலே அங்குச் செயலாகும். இவ்வெடுத்துக்காட்டு ஓர் உண்மையைத் தெளிவாக்குகின்றது: 'கியூர்' என்பது 'டிரை' என்பதன் நீட்சியன்று. ஈரத்தை வேண்டிய அளவில் நிறுத்திப் பொருளைக் காலத்திடம் ஒப்படைத்தலே அதன் பொருண்மை.

3.4. பொருண்மைக் கூறுகளால் இதனைப் பின்வருமாறு வகுக்கலாம். 'உலர்த்து' ஈரநீக்கம் என்னும் கூறுடையது. ஈரக்காப்பு, இயல்பு மாற்றம் என்பன அதற்கு இன்றியமையாதவை அல்ல. 'பதனிடு' புறத்தேயிருந்து பட்டைச்சாறு முதலியன சேர்த்து இயல்பு மாற்றுதலைக் குறிப்பது. 'பாடம் செய்' ஈரக்காப்பு, காலநீட்சி, இயல்பு மாற்றம், இடையறாக் கண்காணிப்பு ஆகிய நான்கினையும் உடையது. திண்டுக்கல், வேடசந்தூர் வட்டாரத்து மெல்லும் புகையிலையை வெயிலில் உலர்த்திய பின் அம்பாரமாக அடுக்கி, இடையிடையே பிரித்து மாற்றி அடுக்கும் செயலோடு ஜாடியைத் திறந்து மூடும் செயலை ஒப்பிட்டால், இரண்டன் அடிப்படையும் ஒன்றெனல் விளங்கும். உள்ளீரம் அடைபட்டுப் புழுங்கி அழுகாமலும், முற்றும் வறண்டு உதிராமலும் பார்த்துக்கொள்வதே இரண்டிலும் கைத்திறன்.

'பதப்படுத்து' இவை அனைத்தையும் உள்ளடக்கும் பொதுவினை. பழச்சாறு, பால், மீன், மரம் எதனையும் பதப்படுத்தலாம். எனவேதான் (2) பிழையெனத் தோன்றுவதில்லை. ஆயின் அதனைப் படிக்கும் வளர்ப்போர் இரண்டு வாரம் என்ன செய்வார்? மேலும் உலர்த்துவார், அன்றி மூடிவைத்துத் திறக்காமல் விடுவார். முன்னதில் பொருள் தூளாகும். பின்னதில் பூஞ்சை பிடிக்கும். பொதுச்சொல்லின் பாதுகாப்பு மொழிபெயர்ப்பாளருக்கே, படிப்பவருக்கன்று.

3.5. 'பாடம் செய்' என்பதற்கும் இடர்கள் உண்டு. மனப்பாடம் செய்தல் என்னும் வழக்கைச் சூழல் விலக்கிவிடும். இறந்த விலங்கின் உடலைப் பாடம் செய்தல், தாவர மாதிரிகளை அழுத்திப் பாடம் செய்தல் என்பன நெருங்கிய வழக்குகள். இவற்றை விலக்கச் சொல்லளவில் ஒரு துணை வேண்டும். முதலில் வருமிடத்து 'மூடிய கலத்தில் ஈரம் சமன்படப் பாடம் செய்தல்' என விரித்துரைத்து, அடுத்து வருமிடங்களில் 'பாடம் செய்தல்' எனச் சுருக்குவது தக்கது. சித்த மருத்துவத்தின் 'சுத்தி' என்னும் சொல்லை இங்கு ஆள்வது பொருந்தாது. ஊறவைத்தல், வேகவைத்தல் முதலியவற்றால் சரக்கின் நச்சுத்தன்மை நீக்குவதே சுத்தி. பாடம் அதனைச் செய்வதில்லை.

4. 'கஞ்சா' என்னும் பெயர்

4.1. வினையில் வளமுடைய தமிழ், இச்செடியின் பெயரில் வறுமையுற்றுள்ளது. வட இந்திய வழக்கில் இலை பாங்கு, பூநுனி காஞ்சா, பிசின் சரஸ் எனப் பகுத்துரைக்கப்படும். 1893–94இல் விசாரணை நடத்திய இந்தியச் சணல் போதைப்பொருள் ஆணையம் வங்காளத்து நவகாவ் வட்டாரத்துக் காஞ்சாவை, காலால் மிதித்துத் தட்டையாக்கியது, உருட்டியது, உதிர்ந்த தூள் என மூவகையாக விவரித்தது. ஆக, மூலமொழிகளில் உறுப்பிற்கேற்பவும் செயல்முறைக்கேற்பவும் பெயர்கள் இருந்தன. தமிழ்ப் பொதுவழக்கில் நிலைத்ததோ 'கஞ்சா' ஒன்றே. செடி, இலை, பூ, பச்சை, உலர்வு, பாடம் எல்லாம் அதனுள் அடங்கிவிட்டன. இஞ்சிக்கும் சுக்கிற்கும் ஒரே பெயரிட்டது போன்ற நிலை இது.

4.2. இந்தியச் சட்டத்தின் வரையறைப்படி கஞ்சா என்பது செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப்பகுதி. நுனியோடு சேராத விதையும் இலையும் அதில் அடங்கா. செய்தித்தாள்களில் பயிலும் 'கஞ்சா இலை' என்னும் தொடர் இவ்வரையறையோடு மோதுகின்றது. மகசரில் அத்தொடர் இடம்பெற்று, ஆங்கிலப் பெயர்ப்பில் அப்படியே 'இலை' என ஆகுமாயின், கைப்பற்றப்பட்டது சட்டப்படி கஞ்சாதானா என்னும் வினா எழும். பெயர்ப்பில் அது 'கஞ்சா' எனச் சுருக்கப்படுமாயின் அவ்வினா எழாமலே மறைந்துவிடும். இரண்டும் மொழிபெயர்ப்பாளர் கையில் நிகழ்வன.

4.3. எடை இன்னும் முதன்மையானது. 2001ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி கஞ்சாவிற்குச் சிறு அளவு 1 கிலோகிராம். வணிக அளவு 20 கிலோகிராமிற்கு மேற்பட்டது. வணிக அளவிற்குக் குறைந்தது பத்தாண்டு, கூடியது இருபதாண்டு கடுங்காவல்; அதற்குக் கீழ்ப்பட்ட இடைநிலை அளவிற்குப் பத்தாண்டு உச்ச வரம்பேயன்றிக் குறைந்தபட்சம் இல்லை. வரையறையோ அறிவிக்கையோ பச்சை, உலர்வு என்னும் வேறுபாட்டைக் கூறவில்லை. 1.1இல் கண்ட கணக்கின்படி 22 கிலோகிராம் பச்சைப் பூ உலர்ந்தால் ஏறத்தாழ 5 கிலோகிராம் ஆகும். கைப்பற்றிய நாளில் ஓர் எடையும் ஆய்வுக்கு வந்த நாளில் வேறோர் எடையும் இருப்பின், அது நீர் வற்றியதாலா, பொருள் மாறியதாலா என்பதை அறிய மகசரின் ஒரு பெயரடையே துணை. சாட்சி 'பச்சையா இருந்தது' என்று கூறியிருக்க, அதனை நிறப்பெயராகக் கொண்டு பெயர்த்தால் அத்துணையும் அழிந்துவிடும். தமிழில் 'பச்சை' நிறத்தையும் உலராமையையும் ஒருங்கே குறிக்கும். பச்சை மிளகாய், பச்சை மண், பச்சை விறகு என்பவற்றில் பின்னதே பொருள். நன்கு உலர்ந்த கஞ்சாப் பூவும் நிறத்தால் பசுமையாக இருக்கக்கூடும் என்பதால் இவ்விருபொருண்மை இங்கு இடையூறே.

4.4. பிற நாட்டுச் சட்டங்கள் இவ்வேறுபாட்டை வெளிப்படையாகவே கூறுகின்றன. கனடாவில் பொதுவிடத்தில் ஒருவர் வைத்திருக்கத்தக்கது 30 கிராம் உலர்ந்த கஞ்சா. ஒரு கிராம் உலர்ந்ததற்கு ஐந்து கிராம் பச்சை நிகராகும். ஜெர்மானியச் சட்டம் வீட்டில் வைத்திருக்கத்தக்க 50 கிராமை உலர்த்திய பின் உள்ள எடையாகக் கணிக்கின்றது. இவற்றைத் தமிழில் '30 கிராம் கஞ்சா' என அடை நீக்கிச் சுருக்குதல் தகவல் இழப்பாகும். அவ்வாறே கனடாவின் நான்கு செடி வரம்பு குடியிருப்பிற்கு உரியது, தலைக்கு உரியதன்று. ஒரே வீட்டில் பெற்றோரும் வயது வந்த மக்களும் கூடி வாழும் குடும்பங்களுக்கு இது தெளிவுறச் சொல்லப்படுதல் வேண்டும்.

5. முடிபு

மேற்கண்டவற்றால் பின்வரும் வழக்குகள் பரிந்துரைக்கப்படுகின்றன: முழுத் தாவரத்திற்குக் கஞ்சாச் செடி, நுனிப்பகுதிக்குக் கஞ்சாப் பூ, கொய்த நிலைக்கு உலராத கஞ்சாப் பூ, ஈரம் நீங்கியதற்கு உலர்ந்த கஞ்சாப் பூ, ஜாடியில் சமன்பட்டதற்குப் பாடம் செய்த கஞ்சாப் பூ. நிறம் கருதாவிடத்துப் 'பச்சை' என்பதைத் தவிர்த்து 'உலராத' என்பதை ஆளலாம். சாட்சியின் கூற்றில் 'பச்சை' வருமாயின் அச்சொல்லை அப்படியே காட்டி, எப்பொருளில் வந்ததென்பதை அவரிடமே கேட்டுத் தெளியுமாறு குறிப்பிடுதல் மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.

இங்குப் புதிதாகப் படைக்கப்பட்ட கலைச்சொல் எதுவும் இல்லை. புகையிலைக் களத்திலும் கருவாட்டுப் பந்தலிலும் பனங்கிழங்கு உலரும் முற்றத்திலும் வழங்கிவரும் பகுப்பே இங்கு வேறொரு செடிக்கு விரிக்கப்பட்டுள்ளது. கலைச்சொல்லாக்கத்தில் அகராதியை நாடுமுன் அத்தொழிலுக்கு அடுத்த தொழிலைச் செய்பவரை நாடுதல் பயனுடைத்து. பாடம் என்னும் சொல்லைப் புகையிலை வேளாளர் நெடுங்காலமாகக் காத்து வந்துள்ளனர்.